பூண்டு ஒதுக்கிய கஞ்சித் தட்டு

காலை பத்து இருபத்தேழு. நேரத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், அன்று எங்கள் கூட்டத்தில் கைக்கடிகாரம் கட்டியிருந்த ஒரே ஆள் நான்தான். மற்றவர்களுடைய நேரமெல்லாம் அவரவர் போனில் இருந்தது; போன்களெல்லாம் தைக்கா வாசலில் ஒரு பலாமரப் பெட்டிக்குள் கிடந்தன. பத்து இருபத்தேழுக்கு நான் திரும்பிப் பார்த்தேன். என் மகள் நின்றுகொண்டிருந்த இடத்தில் வழிகாட்டியின் குடை மட்டும் சுவரில் சாய்ந்து நின்றது.

திரும்பிப் பார்ப்பது என் உத்தியோகம் அல்ல. நான் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். ஆனால் மகள் பிறந்த நாளிலிருந்து, பதினேழு வருஷமாக, திரும்பிப் பார்ப்பதை முழுநேர வேலையாகச் செய்துவருகிறேன். விடுப்பு எடுத்ததில்லை.

கோட்டாற்றில் எங்கள் தெருக்காரர்கள் சிலர் சேர்ந்து இரண்டு வேன் பிடித்து ஏற்பாடு செய்த அரைநாள் பயணம் அது. காலை ஏழு மணிக்குக் கிளம்பி, மேற்கே ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு பழைய தைக்காவைப் பார்த்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குக் களியக்காவிளை போய்ச் சேர்வதாகத் திட்டம். தைக்கா என்றால் ஒரு காலத்தில் சூஃபிகள் கூடித் தங்கி, ஓதி, தியானம் செய்த மடம். இந்தத் தைக்கா ஒரு பெரும்பாறைக்கு அடியில் இருக்கிறது. பாறையின் காலடியிலிருந்து ஓர் ஊற்று கொப்பளித்து வந்து, இருபது தப்படி தள்ளி ஆற்றில் கலக்கிறது. ஊற்று என்றதும் நான் கைக்குட்டை நனைக்கிற அளவு தண்ணீரைத்தான் கற்பனை செய்திருந்தேன். அது மோட்டார் பம்பு போல இரைந்தது.

அரைநாள் பயணத்துக்கு நான் எடுத்துக்கொண்ட பையில் உப்புக்கரைசல் பொட்டலம் ஆறு, பஞ்சு, பிளாஸ்திரி, டார்ச், விசில், பத்து மீட்டர் நைலான் கயிறு எல்லாம் இருந்தன. வேனில் ஏறும்போது என் மனைவி பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள்கூட இவ்வளவு சுமப்பதில்லை என்றாள். அவள் பள்ளிக்கூட ஆசிரியை. நாற்பது பிள்ளைகளை ஒரே நேரத்தில் மேய்ப்பதால், ஒற்றைப் பிள்ளையைப் பற்றிக் கவலைப்பட அவளுக்குத் தெரியாது என்பது என் கட்சி.

அன்று வேனில் இன்னொரு பிரச்சினையும் எங்களோடு பயணம் செய்தது. மகளுக்குக் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. ஹாஸ்டலில் தங்கிப் படிக்க வேண்டும். நான் மூன்று வாரமாகச் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. யோசிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கோயம்புத்தூரில் குளிர், கோயம்புத்தூரில் கொசு, கோயம்புத்தூர் ரயிலில் மேல்படுக்கை என்று என் யோசனை தினமும் ஒரு புது ஆபத்தைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தது. அழகியமண்டபம் தாண்டும்போது அவள் என் பக்கம் திரும்பினாள்.

“வாப்பா, இன்னைக்கு ஒரு மணி நேரம் என்னைய விளிக்காம இருப்பியளா? ஒரே ஒரு மணி நேரம்.”

இருப்பேன் என்று சத்தியம் செய்தேன். வேன் நின்று இறங்கிய முதல் முக்கால் மணி நேரத்தில் அவளை ஐந்து தடவை கூப்பிட்டேன். ஒன்று, பாறையில் பாசி இருந்தது. இரண்டு, அவள் தண்ணீர் குடித்தாளா என்று தெரியவில்லை. மூன்றாவதும் நான்காவதும் ஞாபகமில்லை. ஐந்தாவது தடவை, ஏன் கூப்பிட்டேன் என்று கூப்பிட்ட பிறகு யோசித்தேன். அவள் என்னைப் பார்த்துவிட்டுக் கூட்டத்தின் பின்பக்கம் போய் நின்றாள்.

எங்கள் வழிகாட்டி ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். இடுப்பில் ஒலிபெருக்கியும் வாயருகே மைக்கும் கட்டி வந்திருந்தார். தைக்காவைப் பார்த்துக்கொள்ளும் லெப்பை, எழுபது வயதிருக்கும், வாசலிலேயே அவரை நிறுத்தி மைக்கை அணைக்கச் சொன்னார். உள்ளே குரலை உயர்த்தக் கூடாது, போன் கூடாது, செருப்பு கூடாது. மைக் இல்லாமல் பேசியபோதுதான் வழிகாட்டிக்கு அந்த இயந்திரம் ஒருநாளும் தேவைப்பட்டதே இல்லை என்று புரிந்தது.

ஊற்றின் ஆழத்தை இதுவரை யாரும் கண்டதில்லை என்றார் அவர். முன்னொரு காலத்தில் இதில் போட்ட எலுமிச்சம்பழம் ஒன்று மூன்றாம் நாள் தேங்காப்பட்டணம் கடலில் மிதந்ததாம். எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள். கடலில் மிதந்த பழத்தை இன்ன பழம் என்று அடையாளம் சொன்னவர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் மனைவியின் காதில் கேட்டேன். இருவரும் சிரித்தோம். அந்தக் கதையை நினைத்து நான் சிரித்தது அதுதான் கடைசி.

அடுத்து கல்வத்து அறைகளுக்குக் கூட்டிப்போனார். கல்வத்து என்பது ஊர் உலகத்தை விட்டுத் தனியே அடைந்திருந்து தியானம் செய்வது. பாறையைக் குடைந்து ஏழு அறைகள். இடுப்பளவு உயரத்தில் கட்டைக் கதவுகள். குனியாமல் நுழைய முடியாது. பெரும்பாலான கதவுகள் திறந்திருந்தன. கதவு சாத்தியிருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கதவைத் தட்டக் கூடாது, உள்ளே இருப்பவரைப் பெயர் சொல்லி அழைக்கக் கூடாது, உள்ளே இருப்பது யார் என்று லெப்பை வெளியே சொல்லவும் கூடாது. மன்னர் காலத்தில் வரி பாக்கிக்குப் பயந்து ஒருவர் ஆறு மாதம் உள்ளே இருந்தாராம், சேவகர்கள் வாசலில் காத்திருந்து அலுத்துப் போனார்களாம். இதை வழிகாட்டி சொல்லிக்கொண்டிருந்தபோது சாத்திய கதவு ஒன்றா, இரண்டா என்று நான் எண்ணியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது. நான் மகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்று. பத்து இருபத்தேழுக்குச் சுழியம்.

முதல் பத்து நிமிஷம் மரியாதையாகத் தேடினேன். திறந்த அறைகளில் குனிந்து பார்த்தேன். தொழுகைக் கூடம், கழிப்பறை, சமையல்கட்டு. வாசலுக்கு ஓடினேன். அங்கே முப்பது ஜோடி செருப்புக்கு நடுவில் அவளுடைய நீலச் செருப்பு, ஒன்று நிமிர்ந்தும் ஒன்று கவிழ்ந்தும், அவள் கழற்றி உதறிய மாதிரியே கிடந்தது. அப்படியென்றால் வாசல் வழியாக அவள் வெளியே போகவில்லை. தைக்காவுக்குப் பின்பக்கம் இருப்பது ஒரே ஒரு வழி: ஊற்றுக்கு இறங்கும் படிக்கட்டு.

மனைவி படிக்கட்டின் தலையில் நின்றாள். “என்னத்துக்கு இந்த வெப்ராளம்? எங்கயாச்சும் ஒரு மூலையில இருப்பா. பதினேழு வயசுக்காரி எந்நேரமும் நம்ம கண்ணு முன்னாலயே நிக்கணுமா?”

நான் ஊற்றுக்கு இறங்கிக் கத்தினேன். படிக்கட்டுக்குக் கீழே கத்துவதற்குத் தடை இல்லை, பயனும் இல்லை. என் குரலை ஊற்று அப்படியே விழுங்கியது. தண்ணீர் கரும்பச்சையாக இருந்தது. அதைப் பார்த்த கணத்தில் அந்த எலுமிச்சம்பழம் நினைவுக்கு வந்தது. மூன்றாம் நாள். தேங்காப்பட்டணம்.

மேலே ஓடி லெப்பையைப் பிடித்தேன். உயரமான பெண், பச்சைச் சுடிதார், பார்த்தீர்களா என்று கேட்டேன். அவர் என்னை அமைதியாகப் பார்த்தார். ஆற்றுப் பக்கம் போகவில்லை, பத்திரமாக இருக்கிறாள், பொறுமையாக இருங்கள் என்றார். இந்த மூன்றும் அப்பட்டமான தகவல்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? தாடி வைத்த பெரியவர் யாரிடம் போய் அழுதாலும் இதைத்தானே சொல்வார்கள். ஆறுதல் என்று நினைத்து, ஆமீன் என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

சாத்திய இரண்டு கதவுகளைக் காட்டி, இங்கே என்று ஆரம்பித்தேன். உள்ளே ஆள் இருக்கிறது என்றார். யாரோ நாற்பது நாள் தியானக்காரர்கள் என்று எடுத்துக்கொண்டு, அந்தப் பதற்றத்திலும் கதவுகளுக்கு ஸலாம் சொன்னேன்.

பதினொன்றரைக்கு மனைவி பேசுவதை நிறுத்தினாள். என்னை மிகவும் பயமுறுத்தியது அதுதான். கூட்டமே இப்போது ஆற்றங்கரையில் கலைந்து கிடந்தது. வழிகாட்டி என்னைத் தேற்ற வந்து, பழைய காலத்தில் இந்த ஊற்றில் முங்கியவர்கள் எத்தனை பேர் பிழைத்து எழுந்தார்கள் என்று சொல்லத் தொடங்கினார். எண்ணிக்கை எனக்குப் போதுமானதாக இல்லை. பையிலிருந்து நைலான் கயிற்றை எடுத்தேன். ஒரு நுனியை என் இடுப்பிலும் மறு நுனியை, பக்கத்தில் வேறு பிடிமானம் இல்லாததால், வழிகாட்டியின் இடுப்பிலும் கட்டிவிட்டுத் தண்ணீரில் இறங்கினேன். எனக்கு நீச்சல் தெரியாது. அவருக்கும் தெரியாது என்பதை, நான் தொடையளவு தண்ணீருக்கு வந்த பிறகு, அவர் கரையிலிருந்து தெரிவித்தார். நான் இன்னும் இரண்டடி வைத்திருந்தால் மாவட்ட வரலாறு அன்றோடு முடிந்திருக்கும்.

யாரோ எங்கள் இருவரையும் சேர்த்து இழுத்தார்கள். நான் நனைந்த பேண்ட்டோடு பலாமரப் பெட்டியைத் திறந்து போனை எடுத்துக்கொண்டு மேட்டுச் சாலைக்கு ஓடினேன். பாலத்தின் அருகில்தான் சிக்னல் வந்தது. தீயணைப்புக்காரர்களை அழைத்தேன். ஆற்றில் பிள்ளையைக் காணோம் என்றேன். என்ன வயது என்று கேட்டார்கள். எனக்கு வயது வாயில் வரவில்லை. சின்னப் பிள்ளை சார், சின்னப் பிள்ளை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே இல்லை. அந்த நேரத்தில் என் கண்ணுக்குத் தெரிந்தது, பாலர் பள்ளி வாசலில் என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று நின்ற ஒருத்தி. வேறு ஒரு வேலையில் இருக்கிறோம், முடித்ததும் வந்துவிடுகிறோம் என்றார்கள்.

திரும்பி வந்தபோது தைக்காவில் யாரும் இல்லை. எல்லாரும் கரையில் இருந்தார்கள். கால் போன போக்கில் சாத்திய கதவுகளில் ஒன்றின் முன்னால் போய் நின்றேன். நான் பெரிய பக்திமான் அல்ல. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் கடைசி வரிசையில் மின்விசிறிக்கு அடியில் இடம் பிடிக்கும் வகை. ஆனால் உள்ளே இருக்கும் பெரியவருக்கு, யாராக இருந்தாலும், மேலிடத்தில் என்னைவிடச் செல்வாக்கு இருக்கும் என்று பட்டது. கையேந்தினேன். மெதுவாக, ஆனால் வாய்விட்டே சொன்னேன். என் பிள்ளையைத் திருப்பித் தந்தால் அவள் கேட்கிற ஊருக்கு அனுப்புகிறேன், ஹாஸ்டலுக்கு அனுப்புகிறேன், நாளுக்கு ஒரு தடவைக்குமேல் போன் செய்யமாட்டேன். நாளுக்கு ஒரு தடவை என்பதைச் சொல்லும்போது, அந்த நிலையிலும், இரண்டு என்று திருத்தலாமா என்று தோன்றியது. திருத்தவில்லை.

நண்பகல் தொழுகை முடிந்தது. பன்னிரண்டே முக்காலுக்கு லெப்பை சமையல்கட்டிலிருந்து இரண்டு தட்டில் கஞ்சி எடுத்துவந்தார். சாத்திய கதவுகளின் கீழே ஒரு சாண் இடைவெளி உண்டு. அது வழியாக ஆளுக்கொரு தட்டை உள்ளே தள்ளிவிட்டுப் போனார். நான் எதிர்ச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் மனைவி. பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லாததால் கதவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

முதல் தட்டு வழித்துத் துடைத்த மாதிரி வெளியே வந்தது. சற்று நேரத்தில் இரண்டாவது தட்டும் வந்தது. அதன் விளிம்பில் வேகவைத்த பூண்டுப் பற்கள் ஏழெட்டு, ஒன்றை அடுத்து ஒன்றாக, ஒரே சீரான இடைவெளியில், வட்டமாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

என் வீட்டில் நோன்புக் கஞ்சி காய்ச்சுகிற ஒவ்வொரு நாளும் நான் பார்க்கிற தட்டு அது. பூண்டு உடம்புக்கு நல்லது என்று பத்து வருஷமாக நான் திட்டிக்கொண்டிருக்கிற தட்டு. உலகத்தில் எந்தத் தியானக்காரரும் பூண்டை அப்படி அடுக்கமாட்டார்.

தட்டக் கூடாத கதவை நான் தட்டவில்லை. இரண்டு கையாலும் குத்தினேன். கூப்பிடக் கூடாத பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். முதலில் திறந்தது பக்கத்துக் கதவு. வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் தலையை மட்டும் நீட்டி, நனைந்த என் பேண்ட்டை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மறுபடி சாத்திக்கொண்டார். பிறகுதான் எங்கள் கதவு திறந்தது. என் மகள் குனிந்து வெளியே வந்து நிமிர்ந்தாள். நிமிர்ந்துகொண்டே இருந்தாள். என்னைவிட இரண்டு விரற்கடை உயரம் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. கன்னத்தில் பாயின் வரி பதிந்திருந்தது. நல்ல தூக்கம்.

“என்ன வாப்பா? அந்த சார் பேசி முடிச்சாச்சா?”

அடிக்க வேண்டும் போல இருந்தது, காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. பூண்டை என்னத்துக்கு ஒதுக்கினாய் என்று கேட்டேன். கேட்டுவிட்டு அழத் தொடங்கினேன். ஊற்றின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை என்று அவள் சொன்னாள். ஒரு மணி நேரம் யாரும் தன்னைக் கூப்பிடாத இடம் ஒன்று வேண்டியிருந்ததாம். லெப்பையிடம் கேட்டதற்கு, கடைசி அறை எப்போதும் பெண்களுக்கு என்று பாய் விரித்துக் கொடுத்தாராம். படுத்ததும் தூங்கிவிட்டாள். எழுந்தபோது கஞ்சி வந்திருந்தது.

என் கோபமெல்லாம் லெப்பை பக்கம் திரும்பியது. இரண்டு மணி நேரமாக நாங்கள் ஆற்றைக் கலக்கிக்கொண்டிருந்தோம், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன். அவர் காலித் தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே பதில் சொன்னார்.

“சொன்னேன்லா. ஆத்துக்குப் போவல, பத்திரமா இருக்கா, பொறுமையா இருங்கோன்னு சொன்னேன். அதுக்கு மேல சொல்லப்படாது. நீங்கதான் ஆமீன்னு சொல்லிட்டு ஓடினிய.”

இரண்டு தட்டையும் எடுத்துக்கொண்டு போகத் திரும்பியவர் நின்றார். “அந்த வாசல்ல நின்னு கையேந்திச் சொன்னத மாத்தப்படாது, கேட்டியளா. அது இங்க உள்ள வழக்கமாக்கும்.”

மகள் என்னைப் பார்த்தாள். என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள். நான் கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருந்தேன். அந்த இடத்தில் யாரும் இல்லை என்று நான் நினைத்தது தவறு என்று அப்போது தெரிந்தது.

“ஹாஸ்டலுக்கு அனுப்புகேன்னு சொன்னாரு,” என்றாள் மனைவி. “ஒரு நாளைக்கு ஒரு போன். நான் பொறத்தாலதான் நின்னேன்.”

நான் மறுக்கவில்லை. கோயம்புத்தூரில் குளிருமே என்றேன். ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறேன் என்றாள் மகள். அந்த வாக்கியத்தோடு மூன்று வாரப் பிரச்சினை முடிந்துவிட்டது. கரையிலிருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து அவளைத் தொட்டுப் பார்த்தார்கள். வழிகாட்டி இன்னும் இடுப்பில் கயிற்றோடு இருந்தார். முடிச்சு நனைந்து இறுகியிருந்தது.

ஒன்று இருபதுக்கு மேட்டுச் சாலையில் சைரன் கேட்டது. தீயணைப்புக்காரர்கள் நான்கு பேர் படியில் தடதடவென்று இறங்கி வந்தார்கள். முன்னால் வந்த நடுவயதுக்காரர் மூச்சிரைக்க, பிள்ளையின் தகப்பன் யார் என்று கேட்டார். கையைத் தூக்கினேன். பிள்ளை கிடைத்துவிட்டது என்று சொல்லி மன்னிப்புக் கேட்டு, என் பக்கத்தில் நின்றவளைக் காட்டினேன். அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். அதில் ஓர் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை இருந்தது. மூன்று நான்கு வயதுப் பிள்ளைக்கு அளவானது, முன்பக்கம் வாத்துப் படம் போட்டது.

“சின்னப் புள்ளைன்னுல்லா சொன்னிய சார்,” என்றார். “நான் சின்ன சைஸுல்லா எடுத்துட்டு வந்தேன்.”